மினி டிராக்டரை வைத்து மரமும் தூரும் எடுப்பது எப்படி? நெல்லைச் சீமைக்கு ஒரு முழு வழிகாட்டி

திசையன்விளை, ராதாபுரம், நாங்குநேரி பக்கம் தரிசாகக் கிடந்த நிலத்தைத் திரும்ப உழவுக்குக் கொண்டுவர நினைக்கிறவருக்கு முதல் தடை சீமை உடை, அதாவது சீமைக் கருவேலம். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் என்றால் பட்டுப்போன தென்னை. வீட்டில் ஒரு மினி டிராக்டர் நின்றால், "ஒரு சங்கிலியப் போட்டு இழுத்தா வந்துராதா அண்ணாச்சி?" என்று யாராவது கேட்பார்கள். வரும். ஆனால் அந்த ஒரு இழுப்புக்கு முன்னால் செய்யவேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அதைச் செய்யாமல் இழுக்கப்போய் வண்டி பின்னால் கவிழ்ந்து ஓட்டுகிறவர் அடியில் சிக்கும் விபத்துகள் விவசாய வேலையில் நடக்கிற விபத்துகளிலேயே மிக மோசமானவை.

தூரை, அதாவது வேரோடு மண்ணில் நிற்கும் அடிக்கட்டையை, மண்ணிலிருந்து விடுவிப்பது மம்பட்டியும் கோடாரியும் தண்ணீரும். அப்படி விடுவித்த தூரைக் குழியிலிருந்து வெளியே கொண்டுவந்து போடுவது மட்டும்தான் டிராக்டரின் வேலை. கீழே சொல்லும் எல்லா முறையும் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது.

மினி டிராக்டரின் இழுவை எவ்வளவு?

மஹிந்திரா ஜிவோ, குபோட்டா நியோஸ்டார், சுவராஜ் 717 என்று நம் பக்கம் ஓடும் சின்ன வண்டிகள் 15 முதல் 30 குதிரைத்திறனுக்குள் வருபவை. எடை பெரும்பாலும் ஒரு டன்னுக்குள். வாங்கும்போது எல்லோரும் குதிரைத்திறனைத்தான் கேட்கிறோம். ஆனால் நின்ற இடத்திலிருந்து எவ்வளவு இழுக்கும் என்பதை முடிவு செய்வது வண்டியின் எடையும் டயருக்குக் கிடைக்கும் பிடிமானமும்தான். கெட்டித் தரையில் தன் எடையில் பாதி அளவுக்கு, நான்கு சக்கர இழுவை இருந்தால் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும். பொலபொலப்பான மண்ணில் அதற்கும் கீழே. 800 கிலோ வண்டி என்றால் சுமார் 400, 500 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். தோண்டாத ஒரு வேப்பந்தூர் இதைவிடப் பல மடங்கு தாங்கும்.

இதனால்தான் சிலர் சங்கிலியைத் தளர்த்திப் போட்டு, நாலடி ஓடி, சுண்டி இழுக்கிறார்கள். அப்படிச் சுண்டும்போது சங்கிலியில் ஏறும் விசை சாதாரண இழுப்பைவிடப் பல மடங்கு. அறுந்தால் நுனி எந்தப் பக்கம் வீசும் என்று யாராலும் சொல்ல முடியாது. இதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

அளவு பற்றி என் கருத்து இது. தரையோடு ஒட்டிய இடத்தில் 4 அங்குலம் வரை கனமுள்ள தூரை, சுற்றிலும் கொஞ்சம் தோண்டிவிட்டு மினி டிராக்டரால் எடுக்கலாம். 4 முதல் 8 அங்குலம் வரை, பக்கவேர் அத்தனையையும் வெட்டி ஆணிவேரையும் பாதிக்கு மேல் வெட்டிய பிறகு எடுக்கலாம். ஓர் அடியை நெருங்கினால் ஜேசிபியைக் கூப்பிடுங்கள். மணிக்கணக்கு வாடகை போகட்டும். நாலைந்து பெரிய தூரைச் சேர்த்துவைத்து ஒரே நாளில் எடுத்தால் அது கட்டுப்படியாகும்.

வெட்டலாமா என்று முதலில் பாருங்கள்

பனை என்றால் கையே வைக்க வேண்டாம். மாநில மரம் அது. 2021-இல் வந்த முதல் வேளாண் பட்ஜெட்டிலேயே, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு அறிவித்துவிட்டது. தேக்கு, சந்தனம், ஈட்டி போன்றவை பட்டா நிலத்தில் நின்றாலும், வெட்டுவதற்கும் வண்டியில் ஏற்றுவதற்கும் முன்னால் வனத்துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். களக்காடு, பாபநாசம் மலையடிவாரத்தில் நிலம் இருப்பவர்கள் எந்த மரத்துக்கும் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. பக்கத்திலேயே புலிகள் காப்பகம் இருக்கிறது. குளத்துக் கரையிலும் புறம்போக்கிலும் நிற்கும் மரம் உங்களுடையது இல்லை. வரப்பில் நிற்கும் மரத்துக்குப் பக்கத்து நிலத்துக்காரரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

இன்னொன்று, மனதோடு சொல்கிறேன். சீமை உடை வேறு, நம் உடை வேறு. குடையை விரித்ததுபோல் தலை தட்டையாக நிற்கும் உடைமரம் இந்தத் தென்கோடிச் சீமையின் அடையாளம். அதன் நெற்று ஆட்டுக்குத் தீவனம், நிழலும் ஆட்டுக்குத்தான். சீமை உடையோ 19-ஆம் நூற்றாண்டில் வெளியிலிருந்து விறகுக்காகக் கொண்டுவரப்பட்டது. இரண்டும் முள்மரம்தானே என்று ஒரே வீச்சில் வழிக்காதீர்கள். நம் உடையை நிற்க விடுங்கள்.

எப்போது செய்வது?

செம்மண்ணுக்கு ஏற்ற காலம் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, மார்கழி, தை. உள்மண்ணில் ஈரம் இருக்கும், மேல்மண் காய்ந்து டயர் பிடிக்கும். சித்திரையில் அதே மண்ணில் கடப்பாரை இறங்காது.

கரிசல் நேர்மாறு. ஈரமாக இருக்கும்போது டிராக்டரை இறக்கினால் சக்கரம் சுற்றிப் புதைந்துவிடும். புதைந்த சக்கரத்தோடு எதையும் இழுப்பது ஆபத்து. காரணத்தைக் கீழே சொல்கிறேன். மாசி வாக்கில் வெடிப்பு விடத் தொடங்கும் சமயம் கரிசலுக்குச் சரி. தாமிரபரணிப் பாசன வயல் என்றால் பிசான நெல் அறுவடை முடிந்து தரை இறுகியதும் ஆரம்பிக்கலாம்.

காற்றைப் பாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று பணகுடி, காவல்கிணறு, ராதாபுரம் பக்கம் வைகாசியில் தொடங்கி ஆவணி, புரட்டாசி வரை அடிக்கும். காற்றாலைகளை அங்கே நட்டிருப்பதே அதற்காகத்தான். அந்த மாதங்களில் மரத்தைச் சாய்ப்பதைத் தள்ளிப்போடுங்கள். தூர் எடுக்கும் வேலையைச் செய்யலாம்; அதற்குக் காற்று தடையில்லை.

முந்தின நாள் ஒரு சுற்று

வேலை தொடங்குவதற்கு முந்தின நாள் சாயங்காலம் இடத்தை நடந்து பாருங்கள். மேலே மின்கம்பி இருக்கிறதா? மரத்தின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் கம்பி போனால் லைன்மேனிடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் ரம்பத்தை எடுக்க வேண்டும். கீழே மோட்டார் கேபிள், சொட்டுநீர்க் குழாய், கூட்டுக் குடிநீர்க் குழாய் எது எங்கே போகிறது என்று அடையாளம் வையுங்கள்.

கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் நம் காடுகளில் ஏராளம். சீமை உடை அடர்ந்து கிணறே கண்ணுக்குத் தெரியாமல் போன இடங்களும் உண்டு. வண்டி பின்னால் வரும்போது இதுதான் ஆளைக் கொல்வது. கிணற்று விளிம்பிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளிக் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். அதற்குள் டிராக்டர் போகக் கூடாது.

மரத்தில் கதண்டு (பெருங்குளவி) கூடு இருந்தால் தீயணைப்பு நிலையத்தில் சொல்லுங்கள். நீங்களே தீ வைக்கப் போகாதீர்கள். பொந்திலும் பழைய கரையான் புற்றிலும் விரியன் இருக்கும். கையை விடுவதற்கு முன்னால் கம்பை விட்டுப் பாருங்கள். வேலை நடக்கும் இடத்துக்கு 108 வண்டி எந்தப் பாதையில் வரும் என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பெரிய காயம் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் சொல்வார்கள். உள்காட்டிலிருந்து அது தூரம்.

வண்டி, சங்கிலி, உடுப்பு

சங்கிலியைக் கட்டும் இடம்தான் இந்த வழிகாட்டியிலேயே மிக முக்கியமான விஷயம். பின்னால் தாழ இருக்கும் டிராபாரில் (இழுவைக் கம்பியில்) மட்டும்தான் கட்ட வேண்டும். மேலே இருக்கும் டாப் லிங்க் கொக்கியில், சீட்டுக்கு அடியில், பின் அச்சில், ஹைட்ராலிக் கைகளில் எதிலும் கூடாது. பின் அச்சைவிட உயரமான இடத்தில் கட்டி, தூர் அசையாமல் நின்றால், இழுக்கிற விசை முழுவதும் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். மூணு பாயிண்டில் (கலப்பை மாட்டும் மூன்று கைகளில்) குறுக்குக் கம்பி மாட்டியிருப்பவர்கள், "இதுவும் தாழத்தானே இருக்கு" என்பார்கள். ஹைட்ராலிக் கொஞ்சம் ஏறினால் அது உயரமாகிவிடும்.

தாழக் கட்டினாலும் இன்னொரு ஆபத்து மிச்சம் இருக்கிறது. பின்சக்கரம் குழியில் புதைந்து சுற்ற முடியாமல் நின்றால், சக்கரத்தைச் சுற்றவேண்டிய விசை வண்டியின் உடம்பையே பின்னால் சுழற்றிவிடும். ஆகவே புதைந்த சக்கரத்துக்கு முன்னால் கட்டையோ கல்லோ முட்டுக்கொடுத்து முன்னோக்கி முறுக்காதீர்கள். சங்கிலியைக் கழற்றிவிட்டு மண்ணை வெட்டி, பின்னோக்கி எடுத்து வெளியே வாருங்கள். முன்சக்கரம் எழும்பத் தொடங்கியதிலிருந்து திரும்பி வரமுடியாத நிலைக்குப் போக முக்கால் வினாடி போதும். முழுதாகக் கவிழ ஒன்றரை வினாடி. யோசிக்க நேரம் இருக்காது. எனவே இழுக்கும் நேரம் முழுவதும் இடதுகால் கிளட்ச்சின் மேலேயே இருக்கட்டும்.

முன்பக்கம் எடைக்கட்டி மாட்டுங்கள். தலைக்கு மேல் பாதுகாப்புக் கம்பிச்சட்டம் உள்ள வண்டி என்றால் அதை நிமிர்த்திப் பூட்டி, சீட் பெல்ட்டும் போடுங்கள். சட்டம் இல்லாத வண்டியில் பெல்ட் போடக் கூடாது. போட்டால் கவிழும்போது குதிக்கவும் முடியாது. என் கருத்தில், சட்டம் இல்லாத வண்டியை விறகு இழுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தூர் எடுக்க வேண்டாம். மட்கார்டில் உட்கார்ந்து வருவது நம் ஊர் வழக்கம். இந்த வேலையில் ஓட்டுகிறவரைத் தவிர ஒருவரும் வண்டியில் இருக்கக் கூடாது.

நைலான் கயிறு வேண்டாம். அது நீண்டு விசையைச் சேர்த்துவைத்து, அறுந்தால் சாட்டையாக வீசும். தூக்கும் வேலைக்கென்று செய்த 80-ஆம் தரச் சங்கிலி வாங்குங்கள். 10 மில்லிமீட்டர் கனமுள்ளது 3 டன்னுக்குக் கொஞ்சம் மேல் தாங்கும் என்று குறித்திருப்பார்கள். கொக்கியில் நாக்கு இருக்க வேண்டும். போல்ட் போட்டு இணைத்த பழைய சங்கிலி, வெல்டிங் வைத்த கண்ணி எல்லாம் ஒதுக்குங்கள். நீளம் 20 அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். இழுக்கும்போது சங்கிலியின் நடுவில் நனைத்த கனமான சாக்கைப் போட்டுவிடுங்கள். அறுந்தால் வீச்சு தணியும். மற்ற ஆட்கள் சங்கிலி நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால் நிற்க வேண்டும்.

சீமை உடை முள் ரப்பர் செருப்பைத் துளைத்து ஏறும். கனத்த அடியுள்ள பூட்ஸ், தோல் கையுறை, கண்ணாடி, தலைக்கவசம் எல்லாம் வேண்டும். முள் ஏறி வீங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு காலமாயிற்று என்பதையும் பாருங்கள். டிராக்டர் போகும் தடத்தில் முள்ளை முதலிலேயே வாரிவிடுங்கள். முன்டயர்தான் முதலில் மாட்டும்.

மரத்தைச் சாய்ப்பது

நிற்கிற மரத்தை டிராக்டரால் இழுத்துச் சாய்க்காதீர்கள். மரம் விழும் பக்கத்திலேயே வண்டி நிற்கும். காய்ந்த கிளை ஓட்டுகிறவர் தலையில்தான் முறிந்து விழும். அறுத்துச் சாய்ப்பதே முறை.

சீமை உடை ஒரே அடியிலிருந்து நாலைந்து தண்டாகப் பிரியும். நீளக் கம்புத் தொரட்டியால் வெளிக்கிளைகளைக் கழித்து, உள்ளே ஆள் நிற்க இடம் செய்த பிறகு, சாய்ந்திருக்கும் தண்டை முதலில் எடுங்கள்.

தனி மரம் என்றால் விழவேண்டிய பக்கத்தை முடிவு செய்து, அதற்கு எதிர்ப்புறமாக இரண்டு பக்கமும் சாய்வாக ஓடுவதற்குப் பாதை வெட்டி வையுங்கள். விழும் பக்கம் அடிமரத்தின் கனத்தில் கால்பங்கு ஆழத்துக்கு வாய் பிளந்தாற்போல் ஒரு வெட்டு. அப்புறம் எதிர்ப்பக்கத்தில், அந்த வாயைவிட ஓரிரு அங்குலம் மேலே, நேராக அறுத்து வாருங்கள். இரண்டு வெட்டும் சந்திக்கவே கூடாது. நடுவில் மரக்கனத்தில் பத்தில் ஒரு பங்கு அறுபடாமல் நிற்கவேண்டும். மரம் விழுகிறவரை திசையைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்தப் பட்டைதான். மரம் அசைந்ததும் ரம்பத்தை எடுத்துக்கொண்டு, வெட்டி வைத்த பாதையில் விலகுங்கள்.

நன்றாகச் சாய்ந்து நிற்கும் மரத்தை இப்படி அறுத்தால், பாதியில் நெடுக்காகப் பிளந்து மேலே எகிறி அறுப்பவரின் முகத்தில் அடிக்கும். அதையும், தென்னையையும், வீட்டோரம் நிற்கும் மரத்தையும் பழகிய மரவெட்டிகளிடம் விடுங்கள். மெஷின் ரம்பத்தின் நுனி மரத்தில் பட்டால் ரம்பம் ஆளை நோக்கித் தெறிக்கும்; இதைப் பழகாதவர் அதைத் தொடவே வேண்டாம்.

தூர் எடுப்பதாக இருந்தால் தரையோடு அறுக்காமல் 3, 4 அடி உயரத்துக்கு அடிக்கட்டையை விடுங்கள். பின்னால் சங்கிலி போட்டு அசைக்க அது வேண்டும்.

கட்டையை இழுத்துப் போடுவது

கிளை கழித்து, துண்டு போட்டு, அடிப்பக்கம் முன்னால் வரும்படி இழுங்கள். சங்கிலியைக் குட்டையாகப் போட்டால் கட்டை டயரில் மோதும். ஏழெட்டு அடி இடைவெளி இருக்கட்டும். சரிவில் குறுக்காகப் போகாதீர்கள். கட்டை தூரிலோ பாறையிலோ தட்டி நின்றால் உடனே கிளட்ச்சை மிதித்து, இறங்கிப் போய்ப் பார்த்துத் திருப்பிவிடுங்கள்.

தூர்

பக்கவேர், ஆணிவேர், இழுப்பு என்று மூன்று கட்டம்.

தூரிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி தள்ளிச் சுற்றிலும் ஓடை வெட்டுங்கள். ஆழம் இரண்டடி. செம்மண் என்றால் முந்தின நாள் ஓடையில் தண்ணீர் கட்டி ஊறவிட்டால் வேலை பாதியாகும். மோட்டார் தண்ணீரைக் குழாயில் பீய்ச்சி வேரைச் சுற்றிய மண்ணைக் கழுவிவிடுவது இன்னும் நல்லது. மண் ஒட்டிய வேரை வெட்டினால் கோடாரியின் வாய் போய்விடும். மெஷின் ரம்பத்தை மண்ணுக்குள் விடாதீர்கள். வெளியே தெரியும் ஒவ்வொரு பக்கவேரையும் இரண்டு இடத்தில் வெட்டி, நடுத்துண்டை எடுத்து எறியுங்கள். ஒரே இடத்தில் வெட்டினால் இரண்டு முனையும் திரும்ப முட்டிக்கொள்ளும்.

பக்கவேர் முடிந்ததும் அடிக்கட்டையைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் ஆணிவேரைத் தேடி ஒரு பக்கம் ஆழமாகத் தோண்டிப் பாதிக்கு மேல் வெட்டுங்கள். அசையவில்லை என்றால் கண்ணுக்குத் தெரியாத பக்கவேர் இன்னும் இருக்கிறது. டிராக்டரைக் கொண்டுவர நேரம் ஆகவில்லை.

இப்போது இழுப்பு. ஓடை பறித்த மண்ணில் சக்கரம் நிற்காதபடி, வண்டியைக் கெட்டித் தரையில் நிறுத்துங்கள். சங்கிலி டிராபாரிலிருந்து தூருக்கு நேர்கோட்டில் போகட்டும். அடிக்கட்டையின் மேல்பகுதியில் சுற்றிக் கொக்கி போடுங்கள். வழுக்காமல் இருக்க கோடாரியால் ஒரு கொத்து. லோ ரேஞ்ச், முதல் கியர், குறைந்த ஆக்சிலேட்டர். நான்கு சக்கர இழுவை இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். கிளட்ச்சை மெதுவாக விட்டுத் தளர்ச்சியை எடுங்கள். சங்கிலி விறைத்ததும் மெல்ல விசை கொடுங்கள்.

தூர் சாய்ந்தால் சரி. டயர் வழுக்கினாலோ முன்சக்கரம் லேசானதுபோல் தோன்றினாலோ உடனே கிளட்ச். பின்னுக்கு வந்து சங்கிலியைத் தளர்த்தி, வண்டியை அணைத்து, கை பிரேக் போட்ட பிறகுதான் குழியில் ஆள் இறங்கவேண்டும். விறைத்த சங்கிலிக்குப் பக்கத்தில் நின்று வேரை வெட்டுவது நம் ஊரில் அடிக்கடி பார்க்கிற காட்சி. அதை விட்டொழிக்க வேண்டும். பிடித்துக்கொண்டிருக்கும் வேரை வெட்டிவிட்டு இன்னொரு திசையிலிருந்து இழுத்துப் பாருங்கள். மூன்று திசையிலும் வராத தூர் இன்னும் தோண்டவேண்டிய தூர்.

டிராக்டரே வேண்டாம் என்றால் வேறு வழியும் உண்டு. கிணற்று மோட்டார் தூக்கும் முக்காலியும் செயின் பிளாக்கும் (சங்கிலிக் கப்பியும்) வாடகைக்குக் கிடைக்கும். தூருக்கு நேர் மேலே முக்காலியை நிறுத்தி, கால்களுக்கு அடியில் பலகை போட்டு, கண்ணி கண்ணியாகத் தூக்கினால், மினி டிராக்டருக்கு அடங்காத தூரும் வேர் வெட்டிய பிறகு வரும். நேரம் ஆகும், ஆனால் கவிழ வண்டி இல்லை. கம்பிச்சட்டம் இல்லாத டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

தென்னந்தூர்

தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. தூரைச் சுற்றிச் சல்லிவேர் ஆயிரக்கணக்கில் போகும். தூரோ கனத்த குண்டு. மினி டிராக்டருக்கு அது ஆகாது, ஜேசிபிதான். எடுக்க வசதி இல்லாவிட்டால் தரைக்குக் கீழே அறுத்து மண்ணால் நன்றாக மூடிவிடுங்கள். வெட்டிய தடியைத் தோப்பிலேயே மக்கவிடாதீர்கள். காண்டாமிருக வண்டு முட்டையிடுவது மக்கும் தென்னந்தடியிலும் எருக்குழியிலும்தான். அங்கிருந்து நல்ல மரத்துக்குப் போகும். அடித்தண்டில் சாறு வடியும் தஞ்சாவூர் வாடல் நோய் வந்து பட்ட மரம் என்றால் தூரை வேரோடு எடுத்து எரிப்பது கட்டாயம்.

குழியும் மறுமுளைப்பும்

குழியை அன்றைக்கே மூடுங்கள். இரவில் ஆளோ மாடோ விழும். மேல்மண்ணைத் தனியே ஒதுக்கிவைத்திருந்தால் கடைசியில் போடலாம். தரைக்கு மேல் ஓர் அடி மேடாகக் குவித்துத் தண்ணீர் விட்டால் மண் இறங்கிச் சமமாகும். ஒரு மழைக்காலம் கழியும்வரை அந்த இடத்தில் டிராக்டரை ஏற்றாதீர்கள்.

சீமை உடையைத் தரையோடு வெட்டினால் அடுத்த மழைக்கு இரண்டு மடங்கு தண்டோடு வரும். துளிர்விடும் கணுக்கள் தரைக்கு அடியில், தூரின் கழுத்துப் பகுதியில் இருக்கின்றன. முழுத்தூரை எடுக்க முடியாத இடத்தில், தரைக்குக் கீழே ஓர் அடிவரை தோண்டி அந்தக் கழுத்துக்குக் கீழே வெட்டினால் பெரும்பாலும் திரும்ப வராது. நெற்றை ஆடும் மாடும் தின்று சாணத்தோடு விதையைப் பரப்பும். மண்ணில் கிடக்கும் விதை பல வருடம் முளைக்கும். ஆகவே ஐப்பசி மழைக்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஒருமுறை நிலத்தைச் சுற்றி வந்து, விரல் கனத்துக்கு மேல் போவதற்குள் கன்றுகளை ஈரத்தில் கையால் பிடுங்குங்கள். அஞ்சு கொழுக் கலப்பையால் இரண்டு சால் உழுது மேலே வரும் வேரைப் பொறுக்குங்கள். கலப்பை எங்காவது தட்டி வண்டி முக்கினால் கிளட்ச்சை மிதித்து, கலப்பையைத் தூக்கிவிட்டு இறங்கிப் பாருங்கள். தோண்டாமல் விட்ட தூர் ஒன்று அங்கே இருக்கும். மரக்கட்டையைக் கரிமூட்டத்துக்கு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். தூரையும் வேரையும்கூடக் கேட்டு வாங்குவார்கள், மண்ணைத் தட்டிக் காயவைத்துக் கொடுத்தால்.